கிளினிக்கல் டிரையல் நிர்வாகம்: எந்தப் படிப்பு எந்த நாற்காலிக்கு?

மருந்தை மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கும் கிளினிக்கல் டிரையல் ஒன்றில் ஆய்வு ஒருங்கிணைப்பாளராக நான் வேலைக்குச் சேர்ந்த எட்டாவது மாதம். ஆய்வு சரியாக நடக்கிறதா என்று சரிபார்க்கும் மானிட்டர் வந்து, பங்கேற்பாளர்களின் ஒப்புதல் படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். மூன்றை மட்டும் தனியே எடுத்து வைத்தார். மூன்றிலும் கையெழுத்து இருந்தது, தேதி இருந்தது. ஆனால் பக்கத்தின் அடியில் இருந்த பதிப்பு எண் பழையது. புதிய படிவத்துக்கு நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்து இரண்டு வாரம் ஆகியிருந்தது; எங்கள் அலமாரியிலோ பழைய கட்டு அப்படியே கிடந்தது. புதியதில் கூடுதலாக இருந்தது ஒரே ஒரு பத்தி: இந்த மருந்து கல்லீரலைப் பாதிக்க வாய்ப்பு உண்டு என்ற எச்சரிக்கை. அந்த மூன்று பேரும் அதைப் படிக்காமலே இரண்டு வாரமாக மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூவரையும் திரும்ப அழைத்து உட்காரவைத்து விளக்கினோம். ஒருவர் விலகிக்கொண்டார். அவர் முகத்தில் தெரிந்தது கோபம் இல்லை, ஏமாற்றம். அது இன்னும் என் மனதில் இருக்கிறது.

அதனால்தான், டிரையல் நிர்வாகத்தில் முதுநிலைப் படிப்பு படிக்கலாமா என்று யாராவது கேட்டால், பல்கலைக்கழகத்தின் பெயரில் இருந்து நான் தொடங்குவதில்லை. எந்த நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள் என்று கேட்கிறேன். மருத்துவமனையில் பங்கேற்பாளர்களை நேரில் பார்க்கும் நாற்காலியா, ஊர் ஊராகப் போய் மையங்களைச் சரிபார்க்கும் மானிட்டரின் நாற்காலியா, பல மையங்களைச் சேர்த்து ஓட்டும் திட்ட மேலாளரின் நாற்காலியா, ஆய்வையே வடிவமைக்கும் கல்வி நிறுவனத்து நாற்காலியா? இந்த நான்குக்கும் ஒரே படிப்பு பொருந்தாது. ஆனால் விளம்பரங்களில் எல்லாமே ஒன்றுபோலத்தான் தெரியும்.

முதல் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. ‘கிளினிக்கல் டிரையல்ஸ்’ என்ற பெயரில் வரும் முதுநிலைப் பட்டம் ஒரு வகை. ‘கிளினிக்கல் ரிசர்ச் அட்மினிஸ்ட்ரேஷன்’ அல்லது ‘மேனேஜ்மென்ட்’ என்று வருவது இன்னொரு வகை. லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் டிராபிக்கல் மெடிசின் தொலைநிலையில் நடத்தும் படிப்பும், எடின்பரோ பல்கலைக்கழகம் ஆன்லைனில் நடத்தும் படிப்பும் முதல் வகை. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் படிப்பு இரண்டாவது வகை.

முதல் வகையில் எடை முழுக்க வடிவமைப்பில். எத்தனை பேரைச் சேர்க்க வேண்டும், யாருக்கு மருந்து யாருக்குப் போலி மருந்து என்பதை எப்படிக் குலுக்கிப் பிரிப்பது, இடையில் நின்றுபோனவர்களின் தரவை என்ன செய்வது, முடிவை எப்படி எழுதுவது. இரண்டாவது வகையில் எடை ஓட்டத்தில். ஒழுங்குமுறை அனுமதிகள், பட்ஜெட், ஒப்பந்தம், மையங்களைத் தேர்ந்தெடுப்பது, கண்காணிப்பு, தர உறுதி, ஆடிட்.

இரண்டையும் அளக்க நான் பயன்படுத்தும் ஒரு கருவி உண்டு. டிரையல் துறையில் வேலை செய்பவருக்கு என்னென்ன திறன் வேண்டும் என்று ஒரு கூட்டுப் பணிக்குழு 2014-இல் எட்டுப் பிரிவுகளாக வகுத்து வெளியிட்டது. ஆய்வு வடிவமைப்பு, நெறிமுறையும் பங்கேற்பாளர் பாதுகாப்பும், மருந்து உருவாக்கமும் ஒழுங்குமுறையும், டிரையல் நடத்தும் நடைமுறை, ஆய்வு மைய நிர்வாகம், தரவு மேலாண்மை, தலைமைப் பண்பு, தொடர்பும் குழுப்பணியும். நீங்கள் பார்க்கும் படிப்பின் பாடத்திட்டத்தை எடுத்து, ஒவ்வொரு பாடத்துக்கும் பக்கத்தில் இந்த எட்டில் எது என்று எழுதிப் பாருங்கள். அரைமணி நேர வேலைதான். முதல் வகைப் படிப்பில் வடிவமைப்பும் தரவும் திரும்பத் திரும்ப வரும். இரண்டாவது வகையில் ஒழுங்குமுறை, நடைமுறை, மைய நிர்வாகம். கடைசிப் பிரிவான தொடர்பும் குழுப்பணியும் பெரும்பாலும் இரண்டிலுமே ஓரமாகத்தான் கிடக்கும். எங்கள் மூன்று படிவக் கதை அந்தப் பிரிவில் நடந்ததுதான்: அனுமதிக் கடிதம் வந்தது ஒருவருக்கு, படிவத்தைக் கொடுத்தது வேறொருவர், இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அப்படியானால் நிர்வாகம் படிக்க வேண்டியவர் வடிவமைப்பை விட்டுவிடலாமா? கூடாது என்றே நினைக்கிறேன். 2006 மார்ச்சில் லண்டனில் டிஜிஎன்1412 என்ற மருந்தை முதன்முறையாக மனிதர்களுக்குக் கொடுத்தார்கள். ஆரோக்கியமான ஆறு தன்னார்வலர்களுக்குச் சுமார் பத்து நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து ஊசி போடப்பட்டது. ஆறு பேரும் தீவிர சிகிச்சைக்குப் போக வேண்டியதாயிற்று. மருந்தின் ஆபத்து வேறு விஷயம். ஆனால் முதல் ஆளின் உடல் என்ன சொல்கிறது என்று பொறுத்துப் பார்த்திருந்தால் மற்ற ஐந்து பேருக்கு அது நேர்ந்திருக்காது. அட்டவணையில் இருந்த அந்தப் பத்து நிமிடத்தை வடிவமைப்பு என்பதா, நிர்வாகம் என்பதா? இரண்டும் தெரிந்தவர் ஒருவர் அந்த அட்டவணையைப் பார்த்துக் கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

எதிர்ப்பக்க உதாரணம், கோவிட் நோயாளிகளுக்கான சிகிச்சைகளைப் பிரிட்டனில் சோதித்த ரெக்கவரி டிரையல். 2020 மார்ச்சில் புரோட்டோகால், அதாவது ஆய்வுத் திட்டம், எழுதியதில் இருந்து முதல் நோயாளியைச் சேர்க்க அவர்களுக்கு ஆனது ஒன்பது நாள். ஜூன் மாதமே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து உயிர் காக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். வேலை நெருக்கடியில் இருந்த மருத்துவமனைகளால் நிரப்ப முடிகிற அளவுக்குப் படிவங்களைச் சுருக்கியது அதில் பெரும் பங்கு வகித்தது. எந்தத் தகவல் இல்லாவிட்டாலும் முடிவு கெடாது என்று தெரிந்தவரால்தான் படிவத்தைச் சுருக்க முடியும். ஆகவே நிர்வாகப் படிப்பைத் தேர்ந்தெடுப்பவர், அதில் வடிவமைப்புக்கும் புள்ளியியலுக்கும் ஒரு முழுப் பாடமாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் படிப்பு வேண்டாம்.

சரி, முழுநேரமா, வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலையிலா? இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஏற்கெனவே ஏதாவது ஒரு டிரையலில் கால் வைத்திருப்பவர் தொலைநிலைக்குப் போகலாம். காலையில் படித்த இடர் மதிப்பீட்டை மாலையில் சொந்த மையத்தில் போட்டுப் பார்க்கும்போது அது மண்டையில் ஏறுவதுபோல எந்த வகுப்பறையிலும் ஏறாது. ஆனால் டிரையல் வாசலையே மிதிக்காதவருக்குத் தொலைநிலை கஷ்டம். அவருக்கு முழுநேரப் படிப்பு, அதுவும் ஓர் ஆய்வு மையத்தில் சில மாதப் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருக்கும் படிப்புதான் சரி. பயிற்சி இல்லாத முழுநேரப் படிப்பு எனக்குத் தெரிந்தவரை எல்லாவற்றிலும் பலவீனமான தேர்வு. பட்டம் கையில் இருக்கும், மையத்தில் யாருக்கு எந்த வேலை என்று எழுதிவைக்கும் பொறுப்பு ஒப்படைப்புப் பதிவேட்டை ஒருமுறைகூடக் கையால் தொட்டிருக்க மாட்டார்.

இடையில் முதுநிலைப் பட்டயம், முதுநிலைச் சான்றிதழ் என்று சிறிய படிகளும் உண்டு. பிரிட்டிஷ் முறையில் சான்றிதழுக்கு 60 கிரெடிட், பட்டயத்துக்கு 120, முழுப் பட்டத்துக்கு 180. ஒன்றில் சேர்ந்து அடுத்ததற்கு ஏறிக்கொள்ள வழி இருக்கும் இடமாகப் பார்த்துச் சேர்வது நல்லது. பட்டயத்துக்கும் பட்டத்துக்கும் இடையில் பெரும்பாலும் ஆய்வேடு ஒன்றுதான் வித்தியாசம். மையத்திலோ கண்காணிப்பிலோ வேலை செய்யப் போகிறவருக்குப் பட்டயம் தாராளமாகப் போதும். திட்ட மேலாளராக வளர விரும்புபவர் ஆய்வேட்டை விடக் கூடாது. ஒரு முழு விஷயத்தைத் தொடக்கம் முதல் முடிவுவரை தனியாக இழுத்துச் செல்லும் பழக்கம் அங்கேதான் வருகிறது.

கல்லூரிக்கே போகாத வழி ஒன்றும் இருக்கிறது: வேலை பார்த்து, அப்புறம் தொழில்முறைத் தேர்வு எழுதுவது. டிரையல் துறையினருக்கான தொழில் அமைப்பான ஏசிஆர்பி, ஒருங்கிணைப்பாளருக்குத் தனித் தேர்வும் மானிட்டருக்குத் தனித் தேர்வும் வைத்திருக்கிறது. அதுபோன்ற இன்னொரு அமைப்பான சோக்ராவில் ஒரே தேர்வு. இரண்டுமே பணி அனுபவம் காட்டினால்தான் எழுத விடும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். இந்தப் புதுப்பித்தலை நான் பெரிதும் மதிக்கிறேன். முதுநிலைப் பட்டம் ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் செல்லும். விதிமுறைகளோ அப்படி நிற்பதில்லை. டிரையலை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் சர்வதேச நன்னடைமுறை (ஜிசிபி) வழிகாட்டியான ஐசிஹெச் இ6 முதலில் 1996-இல் வந்தது, 2016-இல் திருத்தப்பட்டது, மூன்றாம் திருத்தம் 2025 ஜனவரியில் ஏற்கப்பட்டது. மருத்துவ ஆய்வுக்கான நெறிமுறைகளைச் சொல்லும் ஹெல்சிங்கி பிரகடனமும் 2024-இல் மாறியது. தொழில்முறைத் தேர்வின் குறை என்னவென்றால், தெரிந்ததைச் சோதிக்கும், தெரியாததைக் கற்றுத் தராது.

சில மணி நேரத்தில் முடியும் ஜிசிபி சான்றிதழை இந்த வரிசையில் வைக்கவே கூடாது. டிரையலில் கை வைக்கும் எல்லோருக்கும் அது அடிப்படைத் தேவை. அதை மட்டும் காட்டி நிர்வாகம் படித்திருக்கிறேன் என்று சொல்வது பங்கேற்பாளர்களுக்குச் செய்யும் அநியாயம்.

சேர்வதற்கு முன் நிறுவனத்திடம் நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் சில. இ6-இன் மூன்றாம் திருத்தத்தை வைத்துப் பாடம் நடத்துகிறீர்களா, இன்னும் பழைய பதிப்பா? பாடம் எடுப்பவர்களில் இப்போதும் டிரையல் நடத்துபவர்கள் எத்தனை பேர்? பங்கேற்பாளருக்கு நேரும் தீவிரப் பாதக நிகழ்வு (உடலுக்கு வரும் பெரிய பாதிப்பு) ஒன்றைக் கொடுத்து, மாணவரையே அறிக்கை எழுத வைக்கிறீர்களா? எதிர்பாராத விதமாக மருந்தால் உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் ஆய்வுக்குப் பொறுப்பான ஸ்பான்சர் ஏழு நாளுக்குள்ளும், அதேபோல எதிர்பாராமல் மருந்தால் வந்த மற்ற தீவிர நிகழ்வென்றால் பதினைந்து நாளுக்குள்ளும் ஒழுங்குமுறை அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை மனப்பாடம் செய்வது சுலபம். வெள்ளிக்கிழமை மாலை வந்த அரைகுறைத் தகவலை வைத்து அந்தக் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கியது என்று முடிவெடுப்பதுதான் கஷ்டம். அதைப் பயிற்சியாகக் கொடுக்கும் படிப்பு, பெயர் தெரியாத கல்லூரியாக இருந்தாலும் சேரலாம்.

இன்னொரு கேள்வியையும் விடாமல் கேளுங்கள்: ஒரு டிரையலை மூடுவது எப்படி என்று சொல்லித் தருகிறீர்களா? தொடங்குவதை எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். மிச்சமான மருந்தை மாத்திரை மாத்திரையாகக் கணக்குப் பார்த்துத் திருப்பி அனுப்புவது, பதில் வராத தரவுக் கேள்விகளைத் தீர்ப்பது, கோப்புகளைப் பல ஆண்டு பத்திரமாக வைக்க ஏற்பாடு செய்வது, எந்த மருந்தைச் சாப்பிட்டார்கள், ஆய்வு என்ன கண்டுபிடித்தது என்று பங்கேற்பாளர்களுக்கு அவர்களுக்குப் புரியும் மொழியில் எழுதுவது. நான் சேர்ந்த படிப்பில் இதற்கு ஒரே ஒரு வகுப்புதான் இருந்தது. மூன்று படிவத்தில் ஒன்றில் கையெழுத்திட்டு, விளக்கிய பிறகும் விலகாமல் கடைசிவரை வந்த ஒரு பெண்மணிக்கு முடிவுக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது, அந்த ஒரு வகுப்பின் குறிப்பைத்தான் தேடி எடுத்தேன்.