வாக்கியக் கணக்குக்குக் குயிஸ்னேர் குச்சிகள்: வாங்கலாமா?

"அப்பாவின் வயது மகன் வயதைப் போல நான்கு மடங்கு. 20 ஆண்டு கழித்து இரண்டு மடங்குதான் இருக்கும். இப்போது வயது என்ன?" ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சமன்பாடு தெரியாது. கண்ணில் பட்ட 20-ஐ 4-ஆல் வகுத்து 5 என்று எழுதிவிடும். இப்படிப்பட்ட கணக்கை x இல்லாமல், யோசித்தே போட வைக்கும் பொருள் குயிஸ்னேர் குச்சிகள்.

பெல்ஜியம் நாட்டு ஆசிரியர் ஜார்ஜ் குயிஸ்னேர் உருவாக்கியவை இவை. 1950-களில் கணிதக் கல்வியாளர் காலெப் கட்டெனோ இவற்றைப் பல நாடுகளுக்குக் கொண்டுசென்றார். 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை பத்து நீளம், நீளத்துக்கு ஒரு நிறம்: வெள்ளை 1, சிவப்பு 2, இளம்பச்சை 3, ஊதா 4, மஞ்சள் 5, கரும்பச்சை 6, கறுப்பு 7, பழுப்பு 8, நீலம் 9, ஆரஞ்சு 10.

வயதுக் கணக்குக்கு வருவோம். மகனுக்கு ஒரு சிவப்பு, அதன் கீழே அப்பாவுக்கு நான்கு சிவப்பு. வித்தியாசம் மூன்று சிவப்பு, அதாவது ஒரு கரும்பச்சை நீளம். எத்தனை ஆண்டு போனாலும் இந்த வித்தியாசம் மாறாது. கணக்கின் சாவி இதுதான். அப்பா இரண்டு மடங்காகும்போது மகன் வயதும் வித்தியாசமும் சமம். ஆக, மகன் ஒரு சிவப்பிலிருந்து மூன்று சிவப்பாக வளர்ந்திருக்கிறான். கூடிய இரண்டு சிவப்பு 20 ஆண்டு என்றால் ஒரு சிவப்பு 10. மகனுக்கு 10, அப்பாவுக்கு 40. 20 ஆண்டு கழித்து 30, 60, சரி.

பின்னக் கணக்கில் இதன் பலன் இன்னும் தெளிவு. கையிலிருந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கு செலவு, மீதியில் நான்கில் ஒரு பங்கு செலவு, கடைசியில் கையில் 300 ரூபாய். முதலில் இருந்தது எவ்வளவு? பெரும்பாலோர் 1/3, 1/4 இரண்டையும் கூட்டி 7/12 செலவு, மிச்சம் 5/12 பங்குதான் 300 என்று வைத்து 720-க்குப் போய்விடுவார்கள். 'மீதியில்' என்ற சொல்லை விட்டதால் வந்த பிழை. மூன்று சிவப்பை வரிசையாக வைத்து ஒன்றை எடுத்துவிடுங்கள். மீதி இரண்டு சிவப்புக்குக் கீழே நான்கு வெள்ளை சரியாகப் பொருந்தும். ஒரு வெள்ளையை எடுத்தால் மிஞ்சும் மூன்று வெள்ளை 300. ஒரு வெள்ளை 100. மொத்தம் ஆறு வெள்ளை, 600 ரூபாய்.

ஒரு சிக்கல் உண்டு. மட்டையும் பந்தும் சேர்ந்து 110 ரூபாய், மட்டை பந்தைவிட 100 அதிகம். பந்து என்ன விலை? பந்துக்கு ஒரு மஞ்சள், மட்டைக்கு இன்னொரு மஞ்சளும், அதிகமான 100-க்கு ஓர் ஆரஞ்சும் வைத்தால், பிள்ளை மஞ்சளை ஆரஞ்சில் பாதி என்று பார்த்து 50 என்கும். சம நீளம் சம மதிப்பு என்பதை மட்டுமே இந்தப் படத்தில் நம்ப வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆரஞ்சை எடுத்தால் மிஞ்சும் இரண்டு மஞ்சள் சேர்ந்து 10. பந்து 5 ரூபாய்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, குச்சியில் சென்டிமீட்டர் கோடு போட்டிருக்கிறதா என்பது. கோடு போட்டது வேண்டாம். பிள்ளை கோட்டை எண்ணத் தொடங்கிவிடும். சிவப்பை ஒருமுறை 10 என்றும் மறுமுறை 200 என்றும் நினைக்க வராது. அடுத்து, பத்து வெள்ளையை வரிசையாக வைத்து ஆரஞ்சோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டர் பிசகினாலே மொத்தத்தில் 5 மி.மீ. வந்துவிடும். தச்சரிடம் செய்யச் சொன்னால் இது சாதாரணமாக நடக்கும்: ரம்பத்தின் வாய் மரத்தைத் தின்பதால் எல்லா அளவையும் முன்கூட்டியே குறித்துவிட்டு அறுக்கக் கூடாது. ஒன்றை அறுத்த பிறகே அடுத்ததை அளக்க வேண்டும்.

74 குச்சிப் பெட்டி ஒரு பிள்ளைக்குப் போதும். 10 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை சிவப்பும் நீலமுமாக வரும் மாண்டிசோரி எண் கோல்கள் வேறு பொருள், மாற்றி வாங்கிவிடாதீர்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் வெள்ளைக் கட்டைகளை எட்டாமல் வையுங்கள், வாயில் போடும் அளவு.

எல்லாக் கணக்குக்கும் இவை உதவாது. 3 மணி, 6 மணி நேரத்தில் தொட்டியை நிரப்பும் இரண்டு குழாய்களை ஒன்றாகத் திறக்கும் கணக்கு என்றால் கரும்பச்சையைத் தொட்டியாக வைக்கலாம்: மணிக்கு ஒரு சிவப்பும் ஒரு வெள்ளையும், 2 மணியில் தொட்டி நிறையும். அதுவே 7 மணி, 11 மணி என்றால் 77 செ.மீ. நீளம் அடுக்க வேண்டும். தாளில் கோடு வரைவதே மேல். பொய் சொல்பவர் யார் என்று கண்டுபிடிக்கும் புதிர்களுக்குக் குச்சியை எடுக்கவே வேண்டாம், அட்டவணை போடுங்கள்.