ஈயக்கட்டியா, அரக்கா? மொட்டை உளியால் தகட்டில் புடைப்பு எழுப்ப எது தோது

வெள்ளித் தகட்டில் மாங்காய், இலை, அரைக்குண்டு எழுப்ப அடியில் எதை வைத்துத் தட்டுவது? ஈயக்கட்டி, குங்கிலியக் கலவையான அரக்கு இரண்டிலும் வேலை செய்து பார்த்தபின், பொடி வைத்து ஊத (பற்றுப்பொடியைத் தீயில் உருக்கி ஒட்ட) வேண்டிய நகை எதுவானாலும் நான் அரக்கைத்தான் எடுக்கிறேன்.

வேகத்தில் ஈயத்தை மிஞ்ச ஆளில்லை. தகட்டை வைத்து, உளியை நிறுத்தி நாலு தட்டு தட்டினால் ஈயம் தானே குழிந்து அச்சாகிவிடும். அடுத்த குண்டுக்கும் அதே குழி போதும். மேடுபள்ளமானால் சுத்தியலால் சமன் செய்யலாம், உருக்கியும் வார்க்கலாம். முனையை உருட்டி மெருகேற்றிய சாதாரண ஆணியே அதில் உளியாக உழைக்கும்.

சிக்கல் தட்டும்போது தெரியாது, ஊதும்போதுதான் தெரியும். மாங்காயின் மூக்கு வளைவை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பென்சில் தேய்த்ததுபோல் ஒரு சாம்பல் தீற்றல் இருந்தால் அது ஈயம். ஈயம் 327 டிகிரியில் உருகும். வெள்ளியோடு சேர்ந்தால் 304 டிகிரியிலேயே இளகிவிடும். வெள்ளிப் பற்றுப்பொடி உருகி ஓட 700 டிகிரிக்குப் பக்கமாவது சூடு வேண்டும். அதற்குள் ஈயம் தகட்டைத் தின்று குழி போட்டிருக்கும், மெல்லிய தகடானால் ஓட்டையே விழும். கந்தகத் திராவகத்தில் போட்டாலும் போகாது. மேலே கரையாத வெள்ளைப் படிவம்தான் கட்டும். அரத்தால் சுரண்டி எடுப்பதுதான் வழி, ஆனால் உள்மடிப்புக்குள் அரம் போகாது. ஈயம் கலந்த அரப்பொடி தங்க உருக்கில் விழுந்தால் கேடு இன்னும் பெரிது: கொஞ்சம் ஈயமே தங்கத்தை நொறுங்க வைத்துவிடும், கம்பி இழுக்கும்போது வெடிக்கும். இடையில் காகிதமோ மெல்லிய தோலோ வைக்கலாம்தான். ஆனால் கூர்ப்பு மழுங்கும், உளி கிழித்தால் பழைய கதைதான்.

அரக்கில் இந்தக் கவலை இல்லை. குங்கிலியம், சலித்த செங்கல்பொடி, கொஞ்சம் நல்லெண்ணெய் மூன்றையும் சிறு தீயில் இளக்கிச் சேர்க்க வேண்டும். கொதித்துப் புகைந்தால் அரக்கு நொறுங்கும் பதமாகிவிடும். குளிர்காலத்தில் எண்ணெய் சற்றுக் கூட வேண்டும். 0.4 முதல் 0.5 மி.மீ. தகட்டை மங்கலான சிவப்பு வரும்வரை காய்ச்சி ஆற்றி, அடியில் எண்ணெய் தடவி, விளிம்பு புதைய அழுத்துங்கள். அடியில் காற்றிடம் இருந்தால் தகடு அங்கேதான் கிழியும். பின்பக்கம் எழுப்பி முடித்துத் திருப்பி, குழிவை அரக்கால் நிரப்பி, முன்பக்கம் கோடு தீட்டலாம். தகடு இறுகினால் கழற்றிக் காய்ச்சி மறுபடி பதிக்க வேண்டும். நேரம் தின்னும் இடம் இதுதான். ஒட்டிய அரக்கை டர்பன்டைனால் துடைக்கலாம், காய்ச்சும்போது எரிந்தும் போகும்.

அரக்கில் கோடு தீட்ட நல்ல உளி வேண்டும். பழைய அரத்தைச் செக்கச்சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் ஆறவிட்டு, பத்து செ.மீ. நீளத்துக்கு அறுத்து வடிவம் ராவுங்கள். முனையின் ஓரங்கள் மழுங்கலாக, கண்ணாடி மாதிரிப் பளபளக்க வேண்டும்; ராவிய கோடு மிச்சமிருந்தால் ஒவ்வொரு அடியிலும் தகட்டில் பதியும். பிறகு முனையை மட்டும் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி, தேய்த்துப் பளிச்சென்றாக்கி, வைக்கோல் நிறம் வரும்வரை மெல்லச் சூடேற்றுங்கள். சுத்தியல் படும் தலை மிருதுவாகவே இருக்கட்டும், இறுகினால் சில்லு தெறிக்கும்.

ரப்பர்போல் அமுங்கும் பிளாஸ்டிக்கான யூரித்தேன் கட்டையில் எனக்குப் பழக்கம் குறைவு. ஆழமில்லாத குமிழுக்கு அது போதும் என்று தோன்றுகிறது, கூர்மையான கோட்டுக்கு ஆகாது.

ஊதாமல் தைக்கிற செம்பு வில்லைகளுக்கும் மாதிரி வடிவத்துக்கும் ஈயம் இன்னும் உதவும். அதற்கென்று தனி அரம், தனி பிரஷ், மூடியுள்ள தனிப் பெட்டி வையுங்கள். உருக்குவதைத் திறந்தவெளியில் செய்யுங்கள். வார்க்கும் கிண்ணத்தில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஈயம் வெடித்துத் தெறிக்கும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டைத் தொடாதீர்கள்.