வெளிக்குளிரில் நிற்கும் கருவிகளுக்கு எந்த பேட்டரி?

கனடாவின் வின்னிபெக் நகரில் ஜனவரி இரவுகளில் -20 டிகிரி செல்சியஸ் என்பது வழக்கமான குளிர். -30 டிகிரிக்குக் கீழே இறங்கும் இரவுகளும் உண்டு. எங்கள் வீட்டில் கராஜுக்கு மேலுள்ள கேமரா, கொல்லைப்புற வெப்பமானியின் சென்சார், முன்கதவின் எண்பூட்டு ஆகிய மூன்றும் ஏஏ பேட்டரியில் இயங்குகின்றன. அல்கலைன், ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, ஒருமுறை மட்டும் பயன்படும் லித்தியம் ஆகிய மூன்றையும் போட்டுப் பார்த்த பிறகு, வெளியே நிற்கும் கருவிகளுக்கு லித்தியமே சரி என்று முடிவு செய்தேன்.

அல்கலைன் மலிவானது, எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் அதற்குள் இருப்பது நீரில் கரைந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. குளிர் கூடக்கூட அதில் அயனிகளின் ஓட்டம் மந்தமாகி, உள்மின்தடை ஏறுகிறது. சொற்ப மின்னோட்டத்தில் இயங்கும் சென்சார் இதைத் தாங்கிக்கொள்ளும். இரவில் அகச்சிவப்பு விளக்கை எரித்துப் படம் பிடிக்கும் கேமராவிலோ, மின்னழுத்தம் சட்டென்று சரிந்து, பேட்டரி தீர்ந்துவிட்டது என்று கருவி நின்றுவிடும். அதே பேட்டரிகளை வீட்டுக்குள் கொண்டுவந்து சூடேறவிட்டால் மீண்டும் வேலை செய்யும்.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடை ஒரே ஒரு பனிக்காலம்தான் பயன்படுத்தினேன் என்பதால் அழுத்திச் சொல்லமாட்டேன். அதன் மின்னழுத்தம் 1.2 வோல்ட் என்பதால், 1.5 வோல்ட்டுக்கு வடிவமைத்த கேமரா தொடக்கத்திலேயே எச்சரிக்கை காட்டியது. சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும் தோட்ட விளக்குகளுக்கு உரியது இந்த வகை. அவற்றில் ஒருமுறை பயன்படும் லித்தியத்தைப் போடவே கூடாது, அதை சார்ஜ் செய்வது ஆபத்து.

லித்தியம் ஏஏ பேட்டரியில் நீரே இல்லை. லித்தியமும் இரும்பு டைசல்ஃபைடும் கரிமக் கரைசலில் இயங்குவதால், -40 டிகிரி வரை பயன்படுத்தலாம் என்று அதன் உறையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். விலை அல்கலைனைப்போல் இரண்டு மூன்று மடங்கு. இருந்தும் நான் அதைத் தேர்ந்ததற்குக் காரணம், பேட்டரி மாற்றும் வேலைதான். எங்கள் கேமரா 3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உறைந்த தரையில் ஏணியைச் சாய்த்து, திருகாணி பிடிபடாததால் கையுறையைக் கழற்றி, விரல் மரத்துப்போவதற்குள் மூடியைத் திறந்து மூட வேண்டும். அல்கலைன் போட்ட ஆண்டில் டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையே நான்கு முறை ஏறினேன். அக்டோபரில் போட்ட லித்தியம் ஏப்ரலையும் தாண்டியது. அத்துடன், சென்சாரில் மறந்துபோய் விட்டிருந்த அல்கலைன் கசிந்து, வெள்ளைப் படிவம் சுருள்கம்பியை அரித்துவிட்டது. வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்தபோது கம்பி கையோடு உடைந்து வந்தது. லித்தியத்தில் இத்தகைய கசிவு மிக அரிது.

அதற்கும் ஒரு குறை உண்டு. மின்னழுத்தம் கடைசிவரை பெரிதாக இறங்காததால், அளவுகாட்டி நிறைவாகவே காட்டிக்கொண்டிருந்து திடீரென்று அணைந்துவிடும். சில எண்பூட்டுகளின் கையேடுகள் அல்கலைன் மட்டுமே போடச் சொல்வது இதனால்தான். எங்கள் பூட்டின் பேட்டரிப் பெட்டி கதவின் உட்புறம், வீட்டுச் சூட்டில் இருப்பதால் அதில் அல்கலைனையே வைத்திருக்கிறேன். கேமராவின் மூடிக்குள் மட்டும், பேட்டரி போட்ட தேதியை எழுதி ஒட்டியிருக்கிறேன். அளவுகாட்டி என்ன காட்டினாலும், முதல் பனி விழுவதற்கு முன், தரை காய்ந்திருக்கும்போதே அவற்றை மாற்றிவிடுகிறேன்.