சுவரில் ஸ்பொஞ் ஒட்டினால் எதிரொலி போய்விடும் என்பவரை நம்பாதீர்கள்

அலுவலகத்தில் எதிரொலி தாங்க முடியவில்லை என்று சொன்ன மறுநாளே, "சுவரில் ஸ்பொஞ் ஒட்டித் தருகிறேன், எல்லாம் சரியாகிவிடும்" என்று வருகிறவரை வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேளுங்கள். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை என்று எங்கும் இப்போது கடைகளின் மேல்மாடிகளில் அலுவலகங்கள் திறக்கப்படுகின்றன. எல்லாம் ஒரே அச்சு. கீழே பளபளக்கும் டைல், மேலே பூசிய கொங்கிரீட், வீதிப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, நடுவில் ஒரு தடுப்புக்கூட இல்லாத கூடம். பார்க்க அழகுதான். இருபது பேர் ஒன்றாகப் பேசும்போதுதான் வினை தெரியும்.

ஹட்டனில் இருக்கும் எங்கள் அலுவலகத்தின் தொழிலே பேச்சு. சுற்றுத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகள் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தொலைபேசியில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்கிறார்கள். "நீங்கள் குளியலறையிலிருந்தா பேசுகிறீர்கள்?" என்று கொழும்பிலிருந்து ஒருவர் கேட்ட பிறகு நிர்வாகம் ஆள் தேடியது. வந்தவர் அளவு நாடாவால் சுவர்களை அளந்தார். ஒலியை அளக்கும் கருவி எதையும் அவர் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தது ஒரு பலகைப் பெட்டி. அதன் உட்புறம் முழுவதும் முட்டைத் தட்டு போல மேடும் பள்ளமுமான கறுப்பு ஸ்பொஞ். கைபேசியில் ஒரு பாட்டை அலறவிட்டு உள்ளே வைத்து மூடினார். சத்தம் அடங்கியது. "பார்த்தீர்களா சேர், இதே சாமான்தான் உங்கள் சுவருக்கு வரப்போகிறது!"

சத்தத்தை அடக்கியது பெட்டியின் மூடி. ஸ்பொஞ் இல்லாத பெட்டியை மூடினாலும் பெரும்பாலும் அதே கதைதான். ஒலியை வெளியே போகவிடாமல் அடைப்பது ஒரு வேலை. அறைக்குள்ளேயே சுற்றும் ஒலியை உறிஞ்சுவது வேறொரு வேலை. முன்னதற்குப் பாரமும் சந்து பொந்தில்லாத அடைப்பும் வேண்டும். பின்னதற்குக் காற்றுப் புகுந்து வரக்கூடிய, நார்நாரான, தடித்த பொருள் வேண்டும். எங்களுக்குத் தேவைப்பட்டது இரண்டாவது. அவர் காட்டிய வித்தை முதலாவதற்கு. யாராவது உங்களிடமும் பெட்டியை நீட்டினால் மூடியைத் திறந்து வைத்தே ஒலிக்கச் சொல்லுங்கள்.

இது ஒன்றும் மந்திர தந்திரமல்ல. 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் விரிவுரை மண்டபம் ஒன்றில் பேச்சே விளங்கவில்லை என்று வாலஸ் சபைன் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். அங்கே ஓர் ஓசை அடங்க ஐந்தரை வினாடி பிடித்தது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடிரவாகச் சுமந்து வந்து அடுக்கி, ஓர் ஓர்கன் குழாயையும் நிறுத்தற் கடிகாரத்தையும் வைத்து அவர் கண்டுபிடித்த கணக்கு இன்றும் செல்லும்: அறையின் கன மீட்டரை 0.161ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சலால் (ஒவ்வொரு பரப்பின் சதுர மீட்டரையும் அது உறிஞ்சும் பங்கால் பெருக்கிக் கூட்டியது) வகுத்தால், ஓசை 60 டெசிபல் தணிய எடுக்கும் நேரம் வினாடியில் கிடைக்கும்.

எங்கள் கூடம் 15 மீட்டருக்கு 10, உயரம் 3; ஆக 450 கன மீட்டர். டைலும் கொங்கிரீட்டும் தம்மேல் விழும் பேச்சொலியில் நூற்றில் ஓரிரு பங்கைத்தான் உறிஞ்சும். ஆட்கள், மேசை, நாற்காலி எல்லாவற்றையும் சேர்த்தாலும் மொத்த உறிஞ்சல் 27 சதுர மீட்டரைத் தாண்டாது. கணக்குப் போட்டால் 2.7 வினாடி. பேச்சுத் தொழில் நடக்கும் இடத்தில் இது முக்கால் வினாடிக்குள் இருந்தால்தான் ஆளுக்கு நிம்மதி. பெட்டிக்காரரை நம்பி வேலை கொடுத்தோம்; அவர் ஒட்டிய ஸ்பொஞ் 25 சதுர மீட்டர். அது ஒலியில் மூன்றில் ஒரு பங்கை உறிஞ்சுகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 2.7 என்பது 2.1 ஆகும், அவ்வளவுதான். வாங்கிய காசுக்கு இது என்ன வேலை?

அவருடைய விளம்பரத் தாளில் உறிஞ்சல் எண் 0.95, அதாவது விழும் ஒலியில் நூற்றுக்கு 95 பங்கை உறிஞ்சும் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அடியில் பொடி எழுத்தில் இன்னொன்றும் இருந்தது: தடிப்பு 100 மில்லிமீட்டர். சுவரில் ஒட்டியதை அடிமட்டத்தால் அளந்தால் 12 மில்லிமீட்டர், அதுவும் மேட்டில். மெல்லிய ஸ்பொஞ் 's', 'ச', 'த' போன்ற கூர்மையான ஓசைகளை ஓரளவு பிடிக்கும். குரலின் தாழ்ந்த, கனத்த ஓசைகளை விட்டுவிடும். அப்படித் தாழ்ந்த 250 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 1.4 மீட்டர் அளவு. அரை அங்குல ஸ்பொஞ் அதை எங்கே மறிப்பது? ஆகவே கூடத்தில் முன்பைவிட ஒரு மந்தமான முழக்கம் தங்கிவிட்டது.

முறையிட்டபோது வந்த பதில்: "பிள்ளைகளை மெதுவாகப் பேசச் சொல்லுங்கள் சேர்." சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவான் என்று பிரெஞ்சு மருத்துவர் லொம்பார்ட் 1911இலேயே எழுதிவிட்டார். ஒருவர் உயர்த்த, பக்கத்தில் இருப்பவர் இன்னும் உயர்த்துவார். பழியைப் பிள்ளைகள் மேல் போட்டதுதான் எனக்கு அதிகம் எரிந்தது. பனிமூட்டக் காலத்தில் பசை விட்டு மூலைகள் சுருண்டபோது குற்றம் மலைநாட்டுக் குளிருடையதாயிற்று!

இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. உதிர்ந்த துண்டில் நகக்கண் அளவு கிள்ளி, கொல்லைப்புறத்தில் லைட்டரைக் காட்டினோம். பற்றியதும் எரிந்துகொண்டே சொட்டியது, கரும்புகை கிளம்பியது. 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநில இரவு விடுதித் தீயில் 100 பேர் இறந்தார்கள்; சுவரில் ஒலிக்காக ஒட்டியிருந்த பொலியுரத்தேன் ஸ்பொஞ்தான் அங்கே தீயைப் பரப்பியது. எங்கள் மாடிக்கு ஒரே படிக்கட்டு. அன்றே எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டோம்.

பிறகு ஊர் மரவேலை பாஸ் ஒருவரிடம் சட்டங்கள் செய்வித்து, இரண்டு அங்குல ரொக்வூல் (பாறையை உருக்கி நூற்ற பஞ்சு) பலகைகளை அடைத்து, துணி போர்த்தி, கொங்கிரீட்டிலிருந்து ஒரு சாண் கீழே தொங்கவிட்டோம். ஏறத்தாழ 70 சதுர மீட்டர். ஓசை அடங்கும் நேரம் ஒரு வினாடிக்குள் வந்தது. முழுச் சுகம் என்று சொல்லமாட்டேன்: முழக்கம் போனதும் அடுத்த மேசைக்காரரின் பேச்சு சொல் சொல்லாகக் காதில் விழுகிறது. மேசைகளுக்கிடையே துணித் தடுப்பு வைக்கும் வேலை இன்னும் பாக்கி.

வேலை கொடுக்க முன்பு, செய்யுமுன்னும் செய்தபின்னும் ஓசை அடங்கும் நேரத்தை அளந்து பில்லில் எழுதித் தரவேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். ஒட்டப்போகும் தடிப்புக்கே உரிய பரிசோதனை அறிக்கையும், தீ பற்றிய சான்றிதழும் கேளுங்கள். ஏமாந்தால் ரசீதோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை நாடலாம். 1977 அவர்களின் அவசர இலக்கம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கவேண்டும், தள்ளிப் போடாதீர்கள். நாங்கள் விளம்பரத் தாளையும் 12 மில்லிமீட்டர்த் துண்டையும் இணைத்துக் கொடுத்திருக்கிறோம். விசாரணைக்கு இன்னும் திகதி வரவில்லை. ஸ்பொஞ்காரரின் கைபேசி மட்டும் எங்கள் இலக்கத்தைக் கண்டால் ஒலிப்பதில்லை.