ஆட்டு இருமலுக்கு பென்பென்டசோல்: மருந்துக்கு மார்க் உண்டு, கடைக்கு இல்லை

உசிலம்பட்டிப் பக்கம் எங்களுக்குப் பதினோரு வெள்ளாடு. கார்த்திகை மழைக்கு அப்புறம் கண்மாய்க் கரை ஈரப் புல்லில்தான் மேய்ச்சல். தை பிறந்ததும் ஒவ்வொன்றாகச் செரும ஆரம்பித்தன. தீனி எடுக்கிறது, ஆனால் விலா எலும்பு எண்ணலாம் போல இருக்கிறது, கொஞ்சம் விரட்டினால் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்று இருமுகிறது. மருந்துக் கடையில் ஒரு கேள்வி கேட்காமல் சளிக்கு என்று பவுடரைக் கட்டிக் கொடுத்தார்கள். பத்து நாள் கொடுத்தேன், காசுதான் கரைந்தது.

அப்புறம்தான் கால்நடை ஆஸ்பத்திரி. இருமல் என்று போனால் டாக்டரம்மா புழுக்கை கேட்கிறார்! அதுவும் தரையில் கிடப்பது ஆகாதாம், மண்ணில் இருக்கிற புழுவும் அதில் ஏறியிருக்குமாம். கையுறை போட்டு ஆட்டிடமிருந்தே எடுத்து, துணியில் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டார். மறுநாள் அடியில் தங்கின சொட்டை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன், நூல் துணுக்கு மாதிரி நெளிகிறது. நுரையீரல் புழுவின் குஞ்சு. தாய்ப்புழு மூச்சுக்குழாயில் இருந்து முட்டையிட, அது பொரிந்து இருமலோடு தொண்டைக்கு ஏறி, ஆடு அதை விழுங்கி, புழுக்கையோடு வெளியே வந்து, ஈரத்தில் ஒரு வாரம் போல வளர்ந்து, மறுபடியும் புல்லோடு வாய்க்குள் போகிறது. நத்தை வழியாக வருகிற சின்ன வகையும் உண்டாம்.

சரி, மருந்துக்கு வருவோம். எழுதிக் கொடுத்தது பென்பென்டசோல் திரவம். வெள்ளாட்டு உடம்பு மருந்தைச் செம்மறியைவிடச் சீக்கிரம் வெளியே தள்ளிவிடும் என்று அளவைக் கூட்டித்தான் எழுதினார். எடை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். நான் கண்மதிப்பில் 15 கிலோ என்று நினைத்த கிடா தராசில் 21 காட்டியது. ஊசி கழற்றின சிரிஞ்சில், கடைவாயில், மெதுவாக. “தலையை ரொம்பத் தூக்காதீங்கண்ணே, புரையேறி மருந்து நுரையீரலுக்கே போயிரும்” என்றார். பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும், அடியில் மாவாகத் தங்குகிறது, மூடியும் ஒழுகுகிறது. கறிக்கு விற்பதாக இருந்தால், அளவைக் கூட்டினதால் லேபிள் நாளை நம்பாமல், டாக்டரம்மா சொல்கிற நாள் கழிய வேண்டும்.

இரண்டு வாரத்தில் எட்டு ஆட்டுக்கு இருமல் நின்றது. 5க்கு 4 தருவேன். புழுவைக் கொல்லும், கெட்டுப்போன நுரையீரலைத் திருப்பித் தராது. எங்கள் கிழட்டுப் பெட்டை இன்னமும் கரை ஏறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் வருகிறது.