காரைக்குடியிலிருந்து மேற்கே மூன்று மலைத்தடங்கள்: இறக்கத்தை வைத்து ஒரு மதிப்பீடு

காரைக்குடிப் பக்கம் ஓடிப் பழகியவர்களுக்கு மேடு என்றால் கண்மாய்க் கரைதான். செம்மண் பாதை, ஊருணியைச் சுற்றி நாலு வட்டம், மிஞ்சினால் தார்ச்சாலை. இந்தத் தரையில் பத்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கிறவர் முதல்முறை மலைக்குப் போனாலும் ஏறிவிடுவார். மூச்சு வாங்கினால் நடக்கலாம். நடந்தால் மூச்சு திரும்பிவிடும். அடி விழுவது இறங்கும்போது. பாதி வழியில் தொடை நடுங்க ஆரம்பிக்கும், கால் நினைத்த கல்லில் விழாது, மறுநாள் காலையில் வீட்டுத் திண்ணைப் படியில் பக்கவாட்டாகத் திரும்பித்தான் இறங்க வேண்டியிருக்கும்.

காரணம் எளிது. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டபடியே பிரேக் போடுகிறது. தசை இழைகளை அதிகம் சேதப்படுத்துவது இந்த வேலைதான், சமதள ஓட்டத்தில் இது கொஞ்சமாகவே வருகிறது. வலி உடனே தெரியாது. 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். ஒரு முறை அளவாக இறங்கிப் பழகிவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே தசை அதே இறக்கத்தைக் குறைந்த சேதத்தோடு தாங்கும். ஆகவே மலைத்தடங்களை உயரத்தையும் காட்சியையும் வைத்து வரிசைப்படுத்துவது செட்டிநாட்டு ஓட்டக்காரருக்கு உதவாது. எங்கே இறங்கக் கற்றுக்கொள்ள முடியும் என்பதுதான் கேள்வி.

நல்ல வேளையாக, பதில் ஒரே சாலையில் இருக்கிறது. காரைக்குடி, குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று மேற்கே போகப் போக மலையும் கடுமையாகிக்கொண்டே போகிறது.

குன்றக்குடியைச் சேர்க்கவில்லையா என்று கேட்பார்கள். மயில் வடிவக் குன்று என்று பெயர் பெற்ற இடம், படிக்கட்டும் உண்டு. ஆனால் சண்முகநாதர் கோயிலுக்குப் போகும் வழி அது. செருப்பையும் ஷூவையும் கீழே விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். சாமி கும்பிடப் போய் இரண்டு முறை ஏறி இறங்கினால் யாரும் கேட்கப் போவதில்லை. ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு பக்தர்களுக்கு நடுவே ஓடுவது அழகில்லை. பயிற்சிக்குக் கண்மாய்க் கரைச் சரிவே போதும்: வாரத்துக்கு இரண்டு நாள், 20 முறை வேகமாக இறங்கி, மெதுவாக நடந்து ஏறவும். மூன்று வாரம் செய்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

அடுத்தது பிரான்மலை. மூன்றில் முதல் இடமும் அதற்குத்தான்.

சங்க இலக்கியத்தில் பாரியின் பறம்பு மலை என்று வருவது இதுதான். அடிவாரத்தில் சம்பந்தர் பாடிய திருக்கொடுங்குன்றம் கோயில், உச்சிப் பக்கம் ஷேக் அப்துல்லா அவுலியா தர்கா. தர்காவுக்குப் போகிறவர்கள் காலங்காலமாக நடந்து போட்ட பாதையே தடம். உயரம் கடல்மட்டத்திலிருந்து 2,000 அடிக்கு மேல். கொடைக்கானலோடு ஒப்பிட்டால் சின்ன மலைதான், ஆனால் சுற்றிலும் சமவெளி என்பதால் ஏற்றம் அடிவாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. காலைச் சூடாக்கிக்கொள்ள அவகாசமே கிடைக்காது. சாலையில் பத்து நிமிடம் மெதுவாக ஓடிவிட்டுப் பாதையில் கால் வைக்கவும்.

படி, குத்துக்கல், வேர், மேலே போகப் போகப் பாறை என்று தரை மாறிக்கொண்டே இருக்கும். இந்த மாற்றம்தான் இத்தடத்தின் மதிப்பு. ஒரே இறக்கத்தில் நாலு வகைக் கால்வைப்பைப் பழகிவிடலாம். ஆபத்தும் அங்கேயேதான் இருக்கிறது. ஆயிரக்கணக்கான கால்கள் பட்டு வழவழப்பான கல்லின் மேல் பட்டாணி அளவுச் சரளை சிதறிக் கிடந்தால், எந்த ஷூவும் பிடிக்காது. பெரும்பாலோர் விழுவது செங்குத்தான இடத்தில் இல்லை. அதைக் கடந்து 'அப்பாடா' என்று நிமிர்கிற முதல் பத்தடியில். சரளையைப் பார்த்தால் கல்லின் நடுப்பகுதியை விட்டு, இரண்டு கல் சேரும் இடுக்கில் பாதத்தை வைக்கவும்.

இறங்கும் முறையில் பலரும் செய்யும் தவறு, பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்ப்பது. சாய்ந்தால் எடை குதிகாலுக்குப் போகும், குதிகால் வழுக்கும், உட்கார்ந்தபடி விழுவோம். இடுப்பு பாதத்துக்கு நேர் மேலே இருக்கட்டும், முழங்கால் எப்போதும் கொஞ்சம் மடங்கியிருக்கட்டும். எட்டி வைக்காமல் குட்டி அடிகளாக, நிமிடத்துக்கு 170, 180 என்று வைக்கவும். கண் காலடியில் இருக்கக் கூடாது. மூன்று நான்கு மீட்டர் முன்னால் பார்த்தால், கால் அங்கே போய்ச் சேரும்போது மூளை முடிவெடுத்திருக்கும். கையை விரித்துக்கொள்வது பார்க்கக் கோழி இறக்கை விரித்தது போலிருக்கும். இருக்கட்டும்.

ஷூ பற்றி. சாலை ஓட்ட ஷூவோடு பிரான்மலை ஏற முடியும். இறங்கும்போது இரண்டு பிரச்சினை: மென்மையான தடித்த அடிப்பகுதி கல் விளிம்பில் புரண்டு கணுக்கால் மடங்கும், மேல்துணியை முள் கிழிக்கும். டிரெயில் ஷூ வாங்குவதானால் அடியில் உள்ள லக் எனும் பற்கள் 3 முதல் 4 மில்லிமீட்டர் இருந்தால் இந்த வறண்ட பாறைக்குப் போதும். 6 மில்லிமீட்டர் பற்கள் சேற்றுக்கானவை. பாறையில் அவை வளைந்து கொடுப்பதால் பிடிப்பு குறைகிறது. நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகல இடம் வேண்டும். அப்படியும் விரல்நகம் கறுத்தால் அளவைக் குறை சொல்ல வேண்டாம், லேஸைப் பாருங்கள். இறக்கத்தில் பாதம் முன்னால் சரிந்து நகம் முட்டுகிறது. கணுக்காலுக்குப் பக்கத்தில் யாரும் பயன்படுத்தாத கடைசித் துளை ஒன்று இருக்கும். லேஸை அதே பக்கத்தில் அதனுள் விட்டு ஒரு வளையம் செய்து, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் நுழைத்து இறுக்கினால் குதிகால் பூட்டிக்கொள்ளும். முனைப்பகுதியில் லேஸ் தளர்வாகவே இருக்கட்டும்.

முழங்கால் வரை சாக்ஸ் போட்டால் ஒட்டுப்புல் அதில் ஏறும், குட்டைச் சாக்ஸ் போட்டால் சரளை உள்ளே போகும். இரண்டில் ஒட்டுப்புல் மேல்.

நேரம்: டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை நல்லது. வடகிழக்கு மழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் பாதி வரை பாறையில் பாசி படரும். அப்போது போக வேண்டாம். மார்ச்சுக்குப் பிறகு காலை எட்டு மணிக்கே பாறை சுடும். எந்த மாதமானாலும் விடிந்ததும் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் அடிவாரம் வந்துவிடவும். தர்காவில் ஷூவைக் கழற்றி, போனை அமைதியாக்கி, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு இறங்கலாம். பாதையை விட்டு விலகிக் காட்டுக்குள் குறுக்குவழி தேட வேண்டாம், அது வனத்துறையின் இடம். குரங்கு உள்ள மலை. கையில் பாலித்தீன் பை ஆடினால் அதற்குள் என்ன இருக்கிறது என்று அது விசாரிக்காமலே எடுத்துக்கொள்ளும்.

தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர், மேலே கிடைக்கும் என்று நம்பக் கூடாது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்தது. உப்பைக் கைவாக்கில் போடாதீர்கள். கூடினால் வயிறு புரட்டும். கடிக்கக் கடலை மிட்டாய் போதும். செட்டிநாட்டுச் சீடையும் கைமுறுக்கும் வண்டியில் இருக்கட்டும், காய்ந்த வாயில் அவை இறங்காது.

மதிப்பெண்: இறக்கம் பழக ஐந்துக்கு நாலரை. நிழல் குறைவுக்காக அரை மதிப்பெண் போனது.

சிறுமலை ஏமாற்றம்தான். காற்று குளிர்ச்சி, காடு அடர்த்தி, சுமை தூக்கும் குதிரைகள், புவிசார் குறியீடு பெற்ற மலைவாழைப்பழம் எல்லாம் சரி. ஆனால் திண்டுக்கல்லிலிருந்து ஏறும் வழி 18 ஹேர்பின் வளைவுகள் கொண்ட தார்ச்சாலை. தொடைக்கு நல்ல வேலை கிடைக்கும். பாதத்துக்குக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. அடியெல்லாம் ஒரே மாதிரி விழுவதால் முழங்கால்தான் சோர்ந்துபோகும். ஓடுவதானால் எதிரே வரும் வண்டி தெரியும்படி வலப்பக்கம் ஓடவும். ஆனால் உள்வளைவில் பாறை மறைக்கும் இடத்தில் முன்கூட்டியே வெளிப்பக்கம் மாறிவிடவும். காலையில் காய்கறியும் பழமும் ஏற்றிய வண்டிகள் இறங்கும் நேரம் அது. காதில் ஹெட்ஃபோன் கூடாது. காட்டுமாடு சாலையில் நின்றால், அது நகரும் வரை தூரத்திலேயே நிற்க வேண்டும்; கூட்டத்தின் குறுக்கே ஓடி இரண்டாகப் பிரிப்பது மிக ஆபத்து. சாலையை விட்டுக் காட்டுப் பாதையில் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும். மதிப்பெண் இரண்டு. அதில் ஒன்று வாழைப்பழத்துக்கு.

கடைசியாக, பழனிமலைத் தொடரின் வட்டக்கானல், வெள்ளகவி, கும்பக்கரை வழி. மூன்றில் உண்மையான மலைக்காடு இதுதான். மேலே ஏறக்குறைய 2,000 மீட்டர், கீழே பெரியகுளத்துப் பக்கம் கும்பக்கரை அருவி. நடுவே 1,500 மீட்டர் அளவுக்கு இறக்கம். ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ ஆறரை டிகிரி வீதம் வெப்பம் கூடும் என்பதால், ஸ்வெட்டரோடு தொடங்கியவர் அடிவாரத்தில் பத்து டிகிரி அதிக வெயிலில் நிற்பார். தண்ணீர்க் கணக்கை அந்த வெயிலை வைத்துப் போடவும்.

நேரக் கணக்கிலும் பலர் தவறுகிறார்கள். மலையில் நடக்க ஆகும் நேரத்தைக் கணக்கிட 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன பழைய விதி, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி என்பது. இறக்கத்துக்கு அதில் இடமே இல்லை. பின்னால் வந்த திருத்தம், செங்குத்தான இறக்கத்தில் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் பத்து நிமிடம் கூட்டச் சொல்கிறது. 1,500 மீட்டருக்கு அது 50 நிமிடம். 'இறங்குவதுதானே' என்று பிற்பகலில் புறப்பட்டால் யானை நடமாடும் அடிக்காட்டில் இருட்டிவிடும்.

அனுமதி இல்லாமல் இந்தப் பக்கம் போகக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு, தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய 'டிரெக் தமிழ்நாடு' சேவையில் 40 வழிகள் இணையப் பதிவுக்கு வந்தன. சேவையாக மதிப்பிட்டால்: வழிகாட்டி கூடவே வருவது பெரிய பலம். ஆனால் அது குழுவாக நடக்கும் ஏற்பாடு, தனியாகப் பாய்ந்து இறங்க விரும்புகிறவருக்குப் பொருந்தாது. தீ பரவும் கோடைத் தொடக்க வாரங்களில் வழிகளை மூடிவிடுவார்கள், ஆகவே முதலில் வழி திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு விடுப்புக்கு எழுதிக் கொடுக்கவும். நடந்தே போனாலும் தொடைக்கு முழுப் பாடம் கிடைக்கிறது. பிரான்மலையை நாலு முறை வலியில்லாமல் இறங்கியவருக்கு மட்டும் இது. அவருக்கு ஐந்துக்கு ஐந்து.

இங்கே ஷூவின் பற்கள் 5 மில்லிமீட்டர் வேண்டும். சோலைக்காட்டில் ஈரச் சருகுக்கு அடியில் களிமண் இருக்கும். மழைக்குப் பின் அட்டையும் இருக்கும். கடித்தால் பிடுங்கி இழுக்காமல், நகத்தால் அதன் வாய்ப்பக்கத்தைத் தோலிலிருந்து நெம்பி எடுக்கவும்.

வெள்ளகவியில் ஊருக்குள் செருப்புப் போட மாட்டார்கள்; வருகிறவர்களும் எல்லையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஈரச் சாக்ஸோடு நடக்காமல் அதையும் கழற்றிவிடுங்கள். ஊரைத் தாண்டியதும் பாதத்தைத் துணியால் துடைத்து, விரலிடுக்கில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, உலர்ந்த சாக்ஸ் மாற்றி, கடைசித் துளை வரை மறுபடி லேஸ் கட்டவும். அவசரத்தில் இதை விட்டவர்களுக்குக் கும்பக்கரை வந்து சேருமுன் குதிகாலில் கொப்புளம் வந்துவிடுகிறது.