நீளப் பெட்டிக்கு எந்த டர்ன்அவுட்? 4, 6, 8 எண்களும் பீகோவும்

மாடல் ரயிலில் கிளைப்பாதை பிரியும் பாதைத் துண்டுதான் டர்ன்அவுட். அது வரும் அட்டைப்பெட்டி மேல் இருக்கும் எண்ணை வைத்துத்தான் பலரும் முடிவெடுக்கிறோம். 6 என்றால் ஆறு அங்குலம் போவதற்குள் கிளைப்பாதை ஒரு அங்குலம் விலகும் என்று பொருள்; ஃப்ராக் (இரு பாதைகளின் தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடம்) கோணம் சுமார் 9.5 டிகிரி. 4-ல் அது 14 டிகிரியைத் தாண்டிவிடும். (அட்லஸ் நிறுவனத்தின் கஸ்டம்லைன் வரிசையில் 4 என்று விற்பது உண்மையில் நாலரை. அந்த அரை எண் கொஞ்சம் கைகொடுக்கும்.)

ஆனால் நீளமான ரயில் பெட்டியைத் தடம்புரட்டுவது ஃப்ராக் இல்லை, அதற்கு முன்னால் உள்ள வளைவு. ஹெச்.ஓ. என்ற மாடல் அளவில் (1:87) அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. இந்த வளைவுக்குப் பரிந்துரைக்கும் ஆரம் 4-க்கு 15 அங்குலம், 5-க்கு 26, 6-க்கு 43, 8-க்கு 67. எண் நாலிலிருந்து ஆறுக்குப் போகும்போது ஆரம் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது. கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை.

85 அடி பயணிகள் பெட்டி ஹெச்.ஓ.வில் 11.7 அங்குலம். வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும் என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. அதாவது 35 அங்குலம். 4-ம் 5-ம் தேறவில்லை. 6 தேறுகிறது.

கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தேன். முழுப் பெட்டியும் 15 அங்குல வளைவில் நின்றால் அதன் முனை தண்டவாள மையத்திலிருந்து 14 மி.மீ.க்கு மேல் வெளியே தள்ளி நிற்கும். ஹெச்.ஓ. பாதையின் அகலமே 16.5 மி.மீ.தான்! 43 அங்குலத்தில் அது 5 மி.மீ. டர்ன்அவுட்டுக்குள் வளைவு குட்டையானது என்பதால் நிஜத்தில் இவ்வளவு வராது. ஆனாலும் பெட்டிகளை இணைக்கும் கப்ளர் எந்தப் பக்கம் இழுபடும் என்பது புரிந்துவிடும்.

பக்கத்துப் பக்கத்துப் பாதைகளை இரண்டு டர்ன்அவுட்டுகளால் இணைக்கும் கிராஸ்ஓவரில்தான் இது கடிக்கும். ஒரு பெட்டியின் முனை இடப்பக்கம், அடுத்ததின் முனை வலப்பக்கம். முன்னால் இழுக்கும்போது எப்படியோ சமாளிக்கும். பின்னால் தள்ளினால் கப்ளர் பக்கவாட்டில் முட்டும். என்னிடம் 4-ல் போட்ட கிராஸ்ஓவர் ஒன்று இருந்தது. ரிவர்ஸில் மூன்றாவது பெட்டியின் முன்சக்கரம் மெல்ல ஏறி, ஒரு கணம் தண்டவாளத்தின் தலைமேல் நின்று, பிறகு சாவகாசமாக வெளியே இறங்கும். பெட்டி, சக்கரம், கப்ளர் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன், டர்ன்அவுட்டைத் தவிர.

அதே இடத்தில் 6 போட்டால், 2 அங்குலப் பாதை இடைவெளிக்கு இரண்டு ஃப்ராக்குகளுக்கும் நடுவே நான்கு அங்குலத்துக்குச் சற்று கூடுதலாக நேர்பாதை கிடைக்கும். இடைவெளியை அரை அங்குலம் கூட்டினால் இன்னும் மூன்று அங்குலம். பெட்டி நிமிர்ந்துகொள்ள அவகாசம் கிடைக்கிறது.

பிரிட்டிஷ் நிறுவனமான பீகோவின் ஸ்ட்ரீம்லைன் வரிசை (கோட் 100, 75; கோட் என்பது தண்டவாள உயரத்தைக் குறிக்கும் எண்) வேறு சாதி. சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று: ஆரம் 24, 36, 60 அங்குலம், ஆனால் கோணம் மூன்றுக்கும் 12 டிகிரிதான். பெரியதன் நீளம் 258 மி.மீ. மட்டுமே, இடத்துக்கு நல்ல சிக்கனம். ஒரே ஒரு கிளை பிரியும் இடத்தில் நீளப் பெட்டி அதில் வழுக்கிக்கொண்டு போகும். பிடிக்காதது ஒன்றுண்டு: வளைவு ஃப்ராக் வழியாகவே தொடர்கிறது, அதனால் கிராஸ்ஓவரில் ஒரு வளைவு முடிந்ததும் நேர்பாதை அதிகமில்லாமல் எதிர்வளைவு வந்துவிடும். 60 என்ற எண்ணை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. பீகோ கோட் 83-ல் அமெரிக்க முறைப்படி 5, 6, 8 என்றே கிடைக்கும். நீளப் பெட்டிக்காரர்கள் அங்கே போவது நல்லது.

8 பார்க்க அழகு, சந்தேகமில்லை. ரயில் மெல்ல நழுவிப் பக்கப்பாதைக்குப் போகும். ஆனால் யார்டில் 2 அங்குல இடைவெளிக்கு ஒவ்வொரு பாதைக்கும் 16 அங்குலம் தின்னும். 6-க்கு 12, நாலரைக்கு 9. பார்வையாளர் நிற்கும் முகப்பில், மெயின் லைனில் ஒரு ஜோடி போதும்.

நான் கடைசியில் மெயின் லைன் கிராஸ்ஓவர்கள் எல்லாவற்றையும் 6 ஆக்கிவிட்டேன். கழற்றிய நாலுகள் இப்போது சரக்குக் கொட்டகைப் பக்கம், 40 அடி வேகன்கள் மட்டும் போகும் முட்டுப்பாதைகளில் கிடக்கின்றன. அங்கே அவற்றால் ஒரு தொந்தரவும் இல்லை.